மோட்டார் ஷெட்டில் ஒரு பெண்கள் கிளப்

ரிச்சர்ட்ஸ் டவுனில் பிரிஜெட் டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. அவளோடு ஒரு முறையாவது சண்டை போடாதவர்கள் அதைவிடக் குறைவு. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கேரம் பலகை முன் உட்கார்ந்துவிட்டால் காய்களும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். 1957-இல் ஒரு சனிக்கிழமை, மாதா கோயில் மன்றத்தில் அவள் ஆட உட்கார்ந்தபோது செயலாளர் டென்சில் வந்து பின்னால் நின்றார்.

"டீச்சர், லேடீஸ் பாக்கலாம், ஆட வேணாம். கொஞ்சம் எழுந்திரிங்க. உள்ளே காபி போடவும் ஆள் இல்லே."

எழுந்தாள். காபி போடவில்லை. நேரே வீட்டுக்கு வந்து மோட்டார் ஷெட்டின் கதவைத் திறந்துபோட்டாள். அவள் கணவர் ஆம்ப்ரோஸ் ஓட்டைக் காரை விற்றுத் தலைமுழுகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு டயரும் எண்ணெய்க் கறையும் எலிகளும்தான் குடியிருந்தன.

"யாரும் என்னை எழுப்பிவிட முடியாத இடம் ஒண்ணு வேணும். இதுதான் அது," என்றாள்.

"கொத்தனாரைக் கூப்பிடட்டுமா?"

"நானே பண்றேன்."

"உனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியுமா பிரிஜெட்?"

"பொறக்கும்போதே வாய்ப்பாடு தெரிஞ்சா பொறந்தேன்?"

ஆம்ப்ரோஸ் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மனிதர் அனுபவசாலி.

எந்த வேலையையும் தலைகீழாகத் தொடங்குவது அவள் வழக்கம். முதலில் போர்டு எழுதினாள். 'பெண்கள் கிளப்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மன்றத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றே தெருப்பக்கம் மாட்டினாள். பிறகுதான் தரையைப் பார்த்தாள். வண்டி கழுவும் தண்ணீர் ஓடுவதற்காகத் தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்தது. அதன்மேல் பலகையை வைத்தால் காயெல்லாம் தெருவைப் பார்த்தே ஓடின. சிமென்ட் வாங்கிக் குழைத்து, பள்ளத்தை நிரப்பிச் சமமாகப் பூசினாள். மூன்றாம் நாள் அது அப்பளம் போலப் பெயர்ந்து கையோடு வந்தது. மறுபடி பூசினாள். மறுபடி வந்தது.

அழுகை முட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் வாசலில் ஒருத்தி தூக்குவாளியோடு நின்றாள். கை கால் எல்லாம் சுண்ணாம்பு.

"இன்னாம்மா, பொம்பளைங்க கிளப்புனு எழுதிக்கீதே. உள்ள குந்தி காபி குடிக்கலாமா?"

பிரிஜெட் அவளையும் தூக்குவாளியையும் பார்த்தாள். பிறகு அந்தப் பெயர்ந்த சிமென்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஊரில் கிளப் என்றால் காபி கிளப்தானே! அங்கெல்லாம் வேலைக்காரப் பெண்கள் வெளியில் நின்றுதான் குடிக்க வேண்டும். உட்கார்ந்து குடிக்க ஓரிடம் வந்துவிட்டது என்று நம்பி அல்சூர்க்காரி முத்தம்மா, பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து நடந்து வந்திருக்கிறாள்.

காபி வந்தது. முத்தம்மா உட்கார்ந்தே குடித்தாள். குடித்துக்கொண்டே தரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"பழைய தரையைக் கொத்தாம பூசினா எப்படிம்மா புடிக்கும்? எண்ணெ வேற குடிச்சிக்கீது. உளி எடுங்க."

இருபது வருஷமாகச் சித்தாள். கொத்தனாருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும். பூசுகிற கரணையை மட்டும் அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொத்தினார்கள், கழுவினார்கள், பூசினார்கள். பிரிஜெட்டின் உள்ளங்கை கொப்புளித்தது. இந்த முறை தரை பெயரவில்லை. இடைவேளைகளில் முத்தம்மாவுக்குக் கேரம் சொல்லிக்கொடுத்தாள்.

திறப்பு நாளன்று நோராவும் மௌரீனும் வந்தார்கள். மன்றத்தில் வருஷக்கணக்காகக் காபி போட்டவர்கள். நான்காவது கைக்கு ஆள் வேண்டும். முத்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நோரா பலகையில் தூவ எடுத்த பவுடர் டப்பாவைக் கீழே வைத்தாள். "சித்தாளோட சமமா உக்காந்து ஆடணுமா? அவளை எழுந்திரிக்கச் சொல்லு, பிரிஜெட். இல்லேன்னா நாங்க போறோம்."

இவர்கள் போய்விட்டால் கிளப் இல்லை. டென்சில் தெருவில் நின்று சிரிப்பார். பிரிஜெட்டின் வாய் தானாகத் திறந்தது: "முத்தம்மா, நீ கொஞ்சம் உள்ளே போய்க் காபி..."

தன் குரலில் டென்சிலைக் கேட்டாள். அத்தனை வெட்கம் அவள் அதுவரை பட்டதில்லை.

முத்தம்மா எழுந்திருக்கவில்லை. "நான் கொத்தின தரைம்மா இது," என்றாள். "நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?"

"அதானே," என்றாள் பிரிஜெட். உரக்கவே சொன்னாள். "நோரா, கதவு அந்தப் பக்கம்."

நோரா போனாள். மௌரீன் கைப்பையை எடுத்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி கீழே வைத்தாள். "மூணு பேர் ஆடலாமா?" என்று கேட்டாள்.

"ஆடலாம்."

முத்தம்மாவின் முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தது.

"ஃபைன்," என்றாள் பிரிஜெட். "ஸ்ட்ரைக்கர் விழுந்தா அபராதம். இனிமே நீ ஒரு காய் போட்டா, அதை எடுத்து நடுவுல வைக்கணும்."

"அய்ய, மொத ஆட்டம்தானேம்மா! விட்டுக் குடுங்க."

"மாட்டேன். மௌரீனுக்கு உள்ள சட்டம்தான் உனக்கும்."

முத்தம்மா முறைத்துப் பார்த்தாள். பிறகு, அந்தத் தெருவே கேட்கும்படி பிரிஜெட்டோடு சண்டைக்கு வந்தாள்.