பொன்னம்பலம் சுற்றிய டைனமோ

கனிசியஸ் கொழும்பை விட்டுக் கொடிகாமத்துக்குத் திரும்பி வந்தது முப்பத்தேழாம் ஆண்டு. பத்து வருஷம் ஒரு கராஜில் கை கறுக்க வேலை பழகியவன். வந்த இரண்டாம் கிழமையே சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலைப் போட்டு, வாசலில் பழைய ரயர் ஒன்றைத் தொங்கவிட்டான். வேலை தெரிந்தவன், அதில் நான் ஒரு குறை சொல்லமாட்டேன். எஞ்சின் சத்தத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பிறேக் பூட்ட அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிழையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பிழை விட்டவன் பெயரையும் சொன்னால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

மிஷன் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்த ஏர்னெஸ்ட் கனகரட்ணம் ஐயாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ எரிந்துபோனபோது கொக்குவில் பொன்னம்பலம்தான் புதுக்கம்பி சுற்றிக் கொடுத்தார். பொன்னம்பலம் எந்தக் கராஜையும் கண்டவரல்லர். தானாகப் பழகிய கை. கம்பி சுற்றும்போது ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணுவார். அந்த நேரம் வீட்டில் நெருப்புப் பிடித்தாலும் அவருடைய மனைவி ஞானாம்பிகை அவரைக் கூப்பிடமாட்டாள். டைனமோ வந்து சேர்ந்ததும், கனிசியஸ் கொழும்பிலிருந்து புதுப் பற்றறி ஒன்றை எடுப்பித்துப் பூட்டிவிட்டான்.

ஆறு மாதம் ஒரு கரைச்சலும் இல்லை. அதன்பிறகு விளக்கு மங்கத் தொடங்கியது. ரோட்டில் வேகமாக ஓடினால் நன்றாக எரியும். மணல் ஒழுங்கைக்குள் மெதுவாகத் திருப்பினால் சிவந்து, சுருங்கி, அணைந்துபோகும். கனிசியஸ் எஞ்சினை முறுக்கிப் பார்த்தான். விளக்கின் தலையில் இருக்கும் அம்மீற்றர் முள், மின்சாரம் பற்றறிக்குப் போகிறது என்று ஒழுங்காகவே காட்டியது. அவன் டைனமோவின் முனை மூடியை மட்டும் நீக்கி, காபன் பிறஷ்களைத் துடைத்து, ஸ்பிறிங் மாற்றி, "இனி ஒரு காலமும் வராது ஐயா" என்று அனுப்பினான். எட்டாம் நாள் திரும்ப வந்தது. டைனமோவுக்கும் பற்றறிக்கும் நடுவில் இருக்கும் கட்அவுட்டைத் திறந்து அதன் முனைகளை அராவிக் கொடுத்தான். அதற்கும் எட்டு நாள்தான் ஆயுள்.

மூன்றாம் தரம் அது வந்தது நமசிவாயம் முதலாளியின் அரிசி மில் முற்றத்துக்கு. கனிசியஸ் அங்கே லொறி ஒன்றுக்குக் கீழே படுத்துக்கிடந்தான். முதல்நாள் மம்மல் இருட்டில் விளக்கு அணைந்து, கிடுகு வேலிக்குள் பாய்ந்த கனகரட்ணம் ஐயா, நெற்றியில் கீறலோடு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மூட்டை அடுக்கியவர்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன காணும் கனிசியஸ், உது உமக்குச் சரிவராது போலை கிடக்கு" என்று முதலாளி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவனுக்குச் சுட்டது.

"எனக்கோ சரிவராது? உது பொன்னம்பலத்தாற்றை கைவேலை முதலாளி! அரைவாசிக் கம்பியைச் சுத்திப்போட்டு மிச்சத்தை விழுங்கிப்போட்டார். பேந்து என்னெண்டு லைற் எரியும்?"

டைனமோவின் உள்ளே இருக்கும் கம்பியை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லும்போதே அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னான். இதைவிடக் கேவலம் ஒன்றும் உண்டு. முதலாளி மில்லுக்கு மின்சார விளக்குப் போட ஒரு பெரிய டைனமோ இறக்குவித்திருந்தார். அதைப் பார்க்கிற வேலையைப் பொன்னம்பலத்துக்கென்று வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்குப் பின்னேரமே, ஐயாவின் டைனமோவில் பிழை விட்டபடியால் வரவேண்டாம் என்று பொன்னம்பலத்துக்குக் கடிதம் போனது. வேலை கனிசியசுக்குக் கிடைத்தது. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பெரிய உபகாரம் முதலாளி" என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

மூன்று கிழமை கழித்து, மோட்டார் சைக்கிள் வேலையை ஒரு முடிவுக்குக் கொண்டுவர, கனகரட்ணம் ஐயா வீட்டுக்குப் போனான். டைனமோவைக் கழற்றித் திறந்தான். உள்ளே கம்பி ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் அவ்வளவு வடிவாகப் படுத்திருந்தது. கனிசியஸ் அப்படியே குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொழும்பில்கூட அவன் அப்படி ஒரு வேலையைக் கண்டதில்லை. டைனமோவைத் திரும்பப் பூட்டி, வேறொரு மோட்டார் சைக்கிளின் பற்றறியைக் கொடுத்துப் பார்த்தான். எஞ்சின் நின்ற பிறகும் விளக்கு அசையாமல் எரிந்தது.

மிஞ்சியது அவன் தன் கையால் பூட்டிய பற்றறி. தான் கொண்டுவந்த பொருளில் பழுது இருக்கும் என்று இவ்வளவு நாளும் அவன் நினைக்கவே இல்லை. மூடியைத் திருகித் திறந்தான். உள்ளே தகடுகளின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குப் படர்ந்திருந்தது.

"அம்மா, உதுக்குள்ளை என்ன தண்ணி விட்டனீங்கள்?"

ஐயாவின் மனைவி பியாட்றிஸ் அம்மா பெருமையோடு வெளியே வந்தார். "நீர் சொன்னபடி நல்ல தண்ணிதான். மாசம் தவறாமல் நான்தான் விடுறனான். எங்கடை கிணறு உவர். அதாலை பக்கத்துத் தங்கமுத்து வீட்டுக் கிணத்திலை அள்ளுவிச்சு, சீலையிலை வடிச்செல்லோ விட்டனான். ஏன், பிழையோ?"

அட கோதாரி! பற்றறி பூட்டிய அன்றைக்கு அவன்தான் படித்துப் படித்துச் சொன்னான், வத்த வத்த நல்ல தண்ணி மட்டும் விடுங்கோ என்று. கொழும்புக் கராஜில் பொடியன்களுக்குள் நல்ல தண்ணி என்றால் போத்தலில் வரும் காய்ச்சி வடித்த தண்ணீர். யாழ்ப்பாணத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் நல்ல தண்ணி என்றால் உவர் இல்லாத, குடிக்கிற கிணற்றுத் தண்ணீர். குடிக்க நல்லதுதான். ஆனால் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருகிற தண்ணீர், கேத்திலின் அடியிலேயே வெள்ளையாகப் படிகிறது, பற்றறியைச் சும்மா விடுமா? பத்து வருஷத்தில் சொந்த ஊர்ச் சொல்லை மறந்துபோனான் இந்த மெக்கானிக். அம்மீற்றர் முள்ளும் முதல் நாளே டைனமோ சரி என்று முகத்துக்கு நேரே காட்டியது. அதையும் அவன் கேட்கவில்லை.

"உங்களிலை பிழை இல்லை அம்மா. என்னிலைதான்" என்றான். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் சாமான் பெட்டியை அடுக்கினான்.

அடுத்தநாள் காலை ரெயிலில் கொக்குவிலுக்குப் போனான். பொன்னம்பலம் வீட்டுக்குள் ஒரு பழைய டைனமோவின் கம்பியைக் கழற்றி, கழற்றின சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஞானாம்பிகை வாசலுக்கு வந்து, "மூண்டு கிழமையா ஒரு வேலையும் எடுக்கிறாரில்லை. சுத்தினதுகளைக் கழட்டிக் கழட்டி எண்ணுறார்" என்றாள்.

பொன்னம்பலம் அவனைக் கண்டதும் எழுந்தார். "வாரும் தம்பி. நானே உம்மட்டை வர இருந்தனான். ஐயாவின்ரை டைனமோவிலை நான் எந்த இடத்திலை பிழை விட்டனான் எண்டு ஒருக்காக் காட்டும். எவ்வளவு யோசிச்சும் பிடிபடேல்லை. நீர் கொழும்பிலை பழகினனீர், உமக்குத் தெரியும்."

கனிசியசுக்கு நிலம் வெடித்தால் உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். அவனுடைய பொய்யை நம்பி, இந்த மனிதர் தன் கையையே சந்தேகப்பட்டுக் கிடக்கிறார்.

"அண்ணை, நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை" என்று தொடங்கி, தண்ணீர்க் கதையிலிருந்து மில் வேலைவரை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னான். கம்பியை விழுங்கிப்போட்டார் என்று சொன்னதையும் சொன்னான். அது பொன்னம்பலத்துக்கு அதுவரை தெரியாது. அவருடைய கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, அதைச் சுருட்டி வைத்தார்.

"அதைச் சொல்லேக்கை ஆர் ஆர் நிண்டவை?"

கனிசியஸ் சொன்னான். பொன்னம்பலம் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். "வாரும், ரெயிலுக்கு நேரமாகுது."

கொடிகாமத்தில் இறங்கி இருவரும் நேரே மில்லுக்கு நடந்தார்கள். மில்லுக்குள் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. முற்றத்தில் முதலாளியும் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். பொன்னம்பலம் வாசல் படலையடியில் நின்றுவிட்டார்.

"முதலாளி, அந்த டைனமோவிலை பழுதில்லை. பற்றறியிலைதான் பிழை" என்றான் கனிசியஸ்.

"ஓ, பற்றறியோ? சரி சரி, இப்ப எரியுதுதானே" என்று முதலாளி மூட்டைப் பக்கம் திரும்பினார்.

இவ்வளவுதானா என்று கனிசியசுக்கு மூச்சு வந்தது. வந்த அந்த மூச்சை நினைத்தே உடனே கூசிப்போனான்.

"தம்பி," என்றார் பொன்னம்பலம் படலையில் நின்றபடி, "பற்றறி வாய் திறந்து என்னைக் கள்ளன் எண்டு சொல்லேல்லை."

முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார். கனிசியஸ் தலையைக் குனிந்தான். "திறந்து பாராமல் நான்தான் பொய் சொன்னனான் முதலாளி. அவரின்ரை வேலையிலை ஒரு குறையும் இல்லை. நீங்கள் எனக்குத் தந்த வேலையும் அவரின்ரை வேலை."

"என்ன சொல்லுறீர்? உந்தச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை" என்றான் மூட்டைக்காரன் ஒருவன்.

கனிசியஸ் தானே உள்ளே போய் எஞ்சினை நிறுத்தினான். என்ன நடந்தது என்று பார்க்க மில்லுக்குள் நின்றவர்கள் எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். அவர்கள் வந்து முடியும்வரை காத்து நின்று, பொன்னம்பலத்தின் முகத்தைப் பார்த்து, அவன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.