மலைக்குப் பின்னால் ஒரு டி.வி. பெட்டி

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் பேச்சென்று இருந்தது சினிமாதான். ஞாயிற்றுக்கிழமை மேட்னி பார்த்துவிட்டு, தியேட்டரிலிருந்து மலை சுற்றும் பாதையில் நிருதி லிங்கம் தாண்டி எங்கள் வீடு வரைக்கும் அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு நடப்போம். நான் எட்டாவது படித்தவன், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடும் வேலை. அவள் ஐந்தாவதோடு சரி. ஆனாலும் படம் தேறுமா தேறாதா என்று சொல்வதில் நான் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. புரண்டு அழுகிற அம்மாவின் தலையில் பூ கலையாமல் இருந்தால் அந்தப் படத்தை அவள் அதோடு தள்ளிவிடுவாள். வாடகைக்கு நாவல் எடுத்து வந்து நான் படித்துக் காட்டினால், பத்துப் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு மூட்டு வலி வந்தது. தியேட்டர் படி ஏற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். அவளாக ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குத்தான் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சமயம் கோயிலுக்குக் கிழக்கே மண்டிக்காரர் வீட்டில் டி.வி. பார்த்தேன். மெட்ராஸிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைப் படம் பளிச்சென்று தெரிந்தது. அதே கம்பெனிப் பெட்டியை வாங்கி, அண்ணாமலையாருக்கு அர்ச்சனை செய்து, பெட்டிக்கும் விபூதி பூசி வீட்டில் வைத்தேன். மெக்கானிக் வந்து ஆண்டெனாவை உயரமாகக் கட்டினார். மாலையில் போட்டால் ஒரே புள்ளி மழை. பேச்சும் பாட்டும் மட்டும் தேய்ந்து தேய்ந்து கேட்டன.

மெக்கானிக் மாடியிலிருந்து இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார். "மலை மறைக்குதுங்கய்யா. மெட்ராஸ் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம் இருக்கீங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தினமும் எழுந்ததும் கும்பிடுகிற மலை. மலையே சிவன் என்று நம்புகிறவன் நான். "அண்ணாமலையார் யாருக்கும் எதையும் மறைக்க மாட்டாரு. உங்க பெட்டியிலதான் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு பெட்டியை இரண்டு முறை கடைக்குத் திருப்பி அனுப்பினேன். பூஸ்டர் வைத்துப் பார்த்தேன். ஆண்டெனாவை இன்னும் ஆளுயரம் ஏற்றினேன். ஊரெல்லாம் அந்தக் கம்பெனி மட்டம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பேச்சை நம்பி வேறு கம்பெனி வாங்கினவர்களும் உண்டு.

"சாமி மேல பழி வரக் கூடாதுன்னு பாவம் அந்தக் கம்பெனிக்காரன் மேல போடறீங்க" என்றாள் மனைவி.

அவளுடைய தங்கை மலைக்கு அந்தப் பக்கம் வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடி போயிருந்தாள். அங்கே படம் தெளிவாக வரும். ஒரு சனிக்கிழமை வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை திரும்பி வந்தவள் படத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். எனக்கும் சந்தோஷம்தான். பிறகு வாரா வாரம் போனாள். பஸ் ஏறி இறங்கினால் முட்டி வீங்கியது. அலையாதே, அங்கேயே இரு என்று நானே சொன்னேன். இருந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, புள்ளி மழைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து படத்தைக் காதால் கேட்பேன். திங்கட்கிழமை மண்டி முடிந்ததும் வேங்கிக்காலுக்கு ஓடுவேன். ஹீரோ அழுததைச் சிரித்தான் என்று நான் சொல்ல, அவள் திருத்துவாள். "டி.வி. வாங்கி ரேடியோ மாதிரி கேக்கற ஒரே ஆளு எங்க மாமாதான்" என்று மச்சினி கிண்டல் செய்வாள். காபி குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிப்பேன். இப்படி ஏழெட்டு மாதம் போனது.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை. படம் எப்படி என்று கேட்டேன். வழக்கம்போல் ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். தங்கை உள்ளே இருந்தாள்.

"படம் பாக்கலங்க. ரொம்ப நாளா பாக்கறதில்ல, தூக்கம் வந்துடுது. நீங்க வந்து கேப்பீங்களேன்னு காலையில இவகிட்ட கதை கேட்டு வெச்சுக்கறேன்."

வாசலுக்கு வந்தோம். எதிரே மலை தெரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, "இங்கேருந்து பாத்தா வேற மலை மாதிரி இருக்கு. கும்பிடறேன், ஆனா நம்ம வீட்டுல கும்பிட்ட மாதிரி இல்ல" என்றாள்.

வா போகலாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கூப்பிட்டால், படம் தெரியாத வீட்டுக்குக் கூப்பிடுகிறேன் என்று ஆகும். மலை மறைக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகும். தீபக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க முடியாது, கூட்டம் குறையட்டும் என்று எதையோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சரிங்க என்று மட்டும் சொன்னாள்.

தீபத்தன்று கோயிலுக்குள் போகவில்லை. வீட்டு மொட்டை மாடியில், அந்த ஆண்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் உச்சியில் ஜோதி எழுந்தது. சுற்றிலும் அரோகரா என்று குரல் கிளம்பியது. அங்கே வேங்கிக்காலில் அவளும் இதே நேரம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கை கூப்பியபடி பக்கத்தில் திரும்பி, "இந்த வருஷம் பெருசா இருக்கு இல்ல?" என்றேன். ஆள் இல்லை. மாடியில் ஈரக் காற்று மட்டும் வந்து போனது.

அங்கேயே நின்று, உமக்குப் பின்னால் இருக்கிறவனுக்குப் படம் வராது, அது உம்முடைய குற்றமும் இல்லை, பெட்டியின் குற்றமும் இல்லை என்று சாமியிடம் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, அவளைக் கூட்டி வர ஜட்கா பேசப் போனேன்.