ரொம்பக் கல்யாணமானவர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. இது புகார் இல்லை. அவருக்கே அது தெரியும், எங்களுக்கும் தெரியும், கன்சாஸின் மேற்குக் கோடியில் ப்ளம்ஃபீல்ட் என்கிற எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் பெயர் லைல் ஸ்டக்கி. மல்யுத்தக் கோச். கழுத்து என்று தனியாக ஒன்று அவருக்குக் கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். இரண்டு காதும் பாயில் உரசி உரசி நசுங்கி, பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். 1993 ஆகஸ்டில், பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது, ஸ்பானிஷ் டீச்சர் கல்யாணம் செய்துகொண்டு டென்வருக்குப் போய்விட்டார். பிரின்சிபால் எல்லா ஆசிரியர்களுடைய பழைய கல்லூரிச் சான்றிதழ்களையும் உதறிப் பார்த்தார். ஸ்டக்கி பதினெட்டு வருஷத்துக்கு முன் இரண்டு செமஸ்டர் ஸ்பானிஷ் படித்து ஒப்பேற்றியிருந்தது தெரியவந்தது. "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் பாத்துக்கோ லைல்" என்றார். இருபத்திரண்டு வருஷம் வேறு ஆள் கிடைக்கவில்லை. யாரும் தேடியதாகவும் தெரியவில்லை.

வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். காலேஜில் சேர இரண்டு வருஷம் வேற்று மொழி படித்திருக்க வேண்டும் என்றார்கள், அதனால் படித்தோம். கோச் தினமும் ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தைப் பிரித்து, மறுநாள் பக்கத்தை மனைவி ஆர்லீனிடம் ஒப்பித்துவிட்டு வருவார். எங்களைவிட எப்போதும் ஒரே ஒரு பக்கம் முன்னால் இருப்பார். அதற்கு அடுத்த பக்கத்தில் யாராவது சந்தேகம் கேட்டால், "அது நாளைக்குள்ள பாடம்டா. என்ன அவசரம் உனக்கு?" என்பார். வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால் பத்து தண்டால். அவர் தப்பாகச் சொன்னாலும் பத்து தண்டால். அந்த விஷயத்தில் ரொம்ப நேர்மையான மனிதர். முதல் மாசம் அவர் எடுத்த தண்டால்தான் அதிகம்.

முதல் நாள் எல்லோரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் பட்டியலிலிருந்து ஒரு ஸ்பானிஷ் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். கர்ட் ஆகிய நான் ரமீரோ ஆனேன். மூன்றாம் வரிசையில் ஜன்னல் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டெக்ஸாஸிலிருந்து அந்தக் கோடையில்தான் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு இறைச்சி ஆலையில் வேலை.

"உன் பேரு?" என்றார் கோச்.

"ஒதிலியா."

கோச் பட்டியலில் விரலை ஓட்டினார். "அது இதுல இல்லையேம்மா."

"அது என் சொந்தப் பேரு கோச். ஸ்பானிஷ் பேருதான்."

"இருக்கலாம். ஆனா லிஸ்ட்ல இல்லியே. இதுலேர்ந்து ஒண்ணு எடு."

வகுப்பிலேயே பிறவியில் ஸ்பானிஷ் பெயர் வைத்திருந்த ஒரே பெண்ணுக்கு ஸ்பானிஷ் பெயர் இல்லை என்று ஆகிவிட்டது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு "ரோசா" என்றாள். அதற்கப்புறம் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கோச் அலுத்துப்போய் வருவார். விடியற்காலையில் பயிற்சி, மத்தியானம் டிராக்டர், நடுவில் நாங்கள். கரும்பலகையில் சாய்ந்துகொண்டு, "எஸ்தோய் மூய் கசாதோ" என்று பெருமூச்சு விடுவார். நான் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன் என்று அர்த்தம். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை எங்கள் எல்லோரையும் எழுப்பி நிற்கவைத்து, "எங்கே, உணர்ந்து சொல்லுங்க!" என்றார். பதினைந்து வயசுப் பிள்ளைகள் தோளைத் தொங்கப்போட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ஒரே குரலில் சொன்னோம்.

ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒதிலியா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து கோச் பதறிப்போய்விட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கோச், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சே. ஆர்லீன். ஆபீஸ்ல டைப் அடிக்கிறாளே."

"ரொம்பக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"அது என்ன ரொம்ப?"

"மூணு வாரமா அதத்தான் சொல்லிட்டிருக்கீங்க. களைச்சுப் போனா கன்சாதோ. நடுவுல ஒரு ன் இருக்கு. கசாதோன்னா கல்யாணம் ஆனவன். இப்ப இவங்க பதிமூணு பேருக்கும் ரொம்பக் கல்யாணம் ஆயிடுச்சு."

வேறொரு வாத்தியாராக இருந்தால் அந்தப் பெண்ணை ஆபீசுக்கு அனுப்பியிருப்பார். கோச் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், சுவரில் மாட்டியிருந்த தேசப்படம் ஆடியது. தரையில் குப்புற விழுந்து, மூன்று வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து முப்பது தண்டால் எடுத்தார். எழுந்து மூச்சிரைக்க, "உன் நிஜப் பேரு என்னன்னு சொன்ன?" என்றார். பேனாவை எடுத்துப் பெயர்ப் பட்டியலின் அடியில் ஒதிலியா என்று எழுதினார். எங்கள் புத்தகங்களிலும் எழுதச்சொன்னார். எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று அவளே வரிசையாக வந்து பார்த்தாள். என் புத்தகத்தைப் பார்க்கக் குனிந்தபோது எனக்குக் காது சூடானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு தலைகீழானது. ஒதிலியா கரும்பலகையில் நின்றாள். கோச் முதல் வரிசையில் மாணவர் நாற்காலியில் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்து நோட்டில் எழுதினார். அவருடைய ற-வை அவள் படாத பாடு படுத்தினாள். "நாக்க அதிர விடுங்க கோச். நீங்க டிராக்டர் ஓட்டுறவருதானே? அது போடுற சத்தந்தான்." சனிக்கிழமை முழுக்க வயலில் டிராக்டர் ஒரு பக்கமும் கோச் ஒரு பக்கமும் உறுமினதாக ஆர்லீன் சொன்னார். ஆனால் இலக்கணத்தில் அவள் தாவ விடமாட்டாள். பிப்ரவரி வந்தும் நாங்கள் நிகழ்காலத்தைத் தாண்டவில்லை. எதிர்காலம் பதினோராம் பாடத்தில் இருந்தது. நாங்கள் எட்டில் இருந்தோம்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "கோச், இந்த மாசக் கடைசியில நாங்க ஐடஹோ போறோம். சித்தப்பா அங்க அப்பாவுக்கு வேலை பாத்து வெச்சிருக்காரு."

கோச் பென்சிலைக் காதில் செருகப் பார்த்தார். அந்தக் காதில் எதுவும் நிற்காது. அவள் போனால் வகுப்பு போச்சு. எனக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். அக்டோபரிலிருந்து தினமும் அவளிடம் ரப்பர் இரவல் வாங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் நாலு ரப்பர் இருந்தது.

அந்த வாரமே பெற்றோர் சந்திப்பு வந்தது. ஜிம்மில் வரிசையாக மேஜைகள், ஒரு மூலையில் காபியும் சினமன் ரோலும். நாற்காலி மடிப்பது மல்யுத்தக்காரர்கள் வேலை என்பதால் நான் அங்கே இருந்தேன். ஒதிலியா அப்பா அம்மாவுக்கு நடுவில் நடந்து வந்தாள். அப்பா எலியோதோரோ ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தலைமுடி ஈரமாகச் சோப்பு வாசனை அடித்தது. அம்மா ஆம்பாரோ தன் கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது. எல்லா மேஜையிலும் மகள்தான் மொழிபெயர்த்தாள். கணக்கு மிஸ் "ஹோம்வொர்க் கொண்டுவர்றதே இல்ல" என்று சொன்னதை, "வகுப்புலயே நான்தான் கெட்டிக்காரின்னு சொல்றாங்க" என்று அவள் ஸ்பானிஷில் மாற்றியது எனக்கே புரிந்தது. அப்பாவின் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. ஆனால் கேட்க அவருக்கு வேறு வழியில்லை.

தன் மேஜைக்கு அவர்கள் வந்ததும் கோச் அவளிடம், "நீ போய் காபி எடுத்துட்டு வா" என்றார்.

"கோச், நான் இல்லாம உங்களால முடியாது."

"தெரியும். போ."

அவள் போனாள். கோச் மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். மாநிலச் சாம்பியன்களைப் பயமில்லாமல் மல்லாத்தியவருக்கு உதட்டுக்கு மேலே வேர்த்திருந்தது. எதிரே உட்கார்ந்தவர் களைப்பாக இருந்தார். அதையே ஸ்பானிஷில் விசாரித்துப் பேச்சைத் தொடங்கக் கோச் நினைத்தார். ஐந்து மாசமாக அந்த ன்-ஐ விடக்கூடாது என்று பழகியிருந்தார். வாயைத் திறந்தார்.

"ஐயா, நீங்க... ரொம்பக் கல்யாணம் ஆனவரா?"

எலியோதோரோ மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். "ஆமா. இவதான்."

"பதினாறு வருஷம்" என்றார் ஆம்பாரோ, வேறு யாராவது பங்குக்கு வந்துவிடப்போகிறார்கள் என்பது போல.

கோச்சுக்குப் பிடரிவரை சிவந்துபோயிற்று. திருத்தப்போய் இன்னும் ஆழமாக விழுந்தார். "இல்ல, இல்ல. நான். நான் ரொம்ப, ரொம்பக் கல்யாணம் ஆனவன்."

ஆம்பாரோ கைப்பையால் வாயை மூடிக்கொண்டார். எலியோதோரோ எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். "நானுந்தான் வாத்தியாரே" என்றார். மூன்று பேரும் உடைந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கோச் விஷயத்துக்கு வந்தார். ஆங்கிலமாக இருந்தால் அவளுடைய எதிர்காலம், திறமை, வாய்ப்பு என்று ஏதாவது ஜோடித்திருப்பார். ஸ்பானிஷில் அவருக்கு ஜோடிக்கத் தெரியாது. தெரிந்த சொற்களை வைத்து உண்மையைத்தான் சொல்ல முடிந்தது.

"நான் டீச்சர். சம்பளம், நான். ஒதிலியா டீச்சர். சம்பளம் இல்ல." மார்பில் கை வைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. அவளுக்கு எல்லாம் தெரியுது. ஒதிலியா போறா, நான் செத்தேன். ஒதிலியா இருக்கா. ஜூன் இருக்கா. தயவுசெஞ்சு."

பள்ளி வருஷம் முடியும் ஜூன் வரைக்குமாவது என்று சொல்லவந்தார். எலியோதோரோ சிரிக்கவில்லை. நசுங்கிய அந்தக் காதுகளை, வேர்த்த முகத்தை நிதானமாகப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஆம்பாரோ தலையை லேசாக அசைத்தார். பிறகு எலியோதோரோ இரண்டே வார்த்தை சொன்னார்.

கோச்சுக்குப் புரியவில்லை. மடித்த நாற்காலியோடு பின்னால் நின்ற எனக்கும் புரியவில்லை. அவர் எதிர்காலத்தில் பேசிவிட்டார். நாங்கள் எட்டாம் பாடத்தில் இருந்தோம். கோச் திகிலோடு திரும்பினார். ஒதிலியா இரண்டு கையிலும் காபியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை, காபி ததும்பிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"'இங்கேயே இருப்போம்'னு சொன்னாரு."

கோச் கண்ணைச் சுருக்கினார். "அவரு சொன்னதா, நீ சொல்றதா?"

எலியோதோரோவுக்கு அந்தக் கேள்வி எந்த மொழியிலும் புரிந்திருக்கும். சாயங்காலம் முழுக்க அவர் கேட்க நினைத்த கேள்வி அது. விரலை நீட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "ஜூன். ஓகே."

நான் நாற்காலியைக் காலில் போட்டுக்கொண்டேன். வலிக்கவே இல்லை.

திங்கட்கிழமை இரண்டு பாடத்தைத் தாண்டி நேராகப் பதினொன்றுக்குப் போனோம். கோச் உத்தரவு.

ஜூன் வந்தது, போனது. ஐடஹோவைப் பற்றி யாரும் பேசவில்லை. எலியோதோரோ இன்னும் ப்ளம்ஃபீல்டில்தான் இருக்கிறார். ஏன் இருந்தீர்கள் என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "பன்னெண்டு வருஷமா இந்த நாட்டுல எல்லாரும் என்கிட்ட சத்தமா, மெதுவா பேசினாங்கப்பா, காது கேக்காதவன்கிட்ட பேசுற மாதிரி" என்றார். "அவ்வளவு பெரிய ஆளு, என் பாஷையில என் முன்னாடி தப்புத் தப்பா பேசிட்டு, ஓடாம உக்காந்திருந்தாரு. அவரை விட்டுட்டு எப்படிப் போறது?"

அந்தப் புத்தகங்களைப் பள்ளி பதினைந்து வருஷம் மாற்றவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கோதுமை நிறத் தலைமுடியோடு டிராக்டர் ஓட்டும் பெண்களில் நாலைந்து பேராவது ஸ்பானிஷ் வகுப்பில் ஒதிலியாவாக இருந்தவர்கள். அசல் ஒதிலியா என் மனைவி. கோபம் வந்தால் என்னை ரமீரோ என்பாள். நான் ரப்பர் இரவல் கேட்பதை நிறுத்தி ஒன்பது வருஷம் கழித்து, மாதா கோயில் ஹாலில் எங்கள் கல்யாணம் நடந்தது. ஆம்பாரோ சோளமாவில் இறைச்சி வைத்து மடித்த தமாலே முந்நூறு வேகவைத்திருந்தார்.

வாழ்த்துச் சொல்ல கோச் எழுந்தார். கோட் தோளில் இறுகியிருந்தது. பத்து வருஷமாக ஸ்பானிஷ் கற்பித்துக் கற்பித்து அதற்குள் நன்றாகவே பேச வந்திருந்தது, ற அதிர்ந்தது. கோப்பையை உயர்த்தி, ஹால் முழுக்கக் கேட்கும்படி, "இன்றிலிருந்து இவர்கள் இரண்டு பேரும்" என்று நிறுத்தி, எங்களை அன்பாகப் பார்த்து, "கன்சாதோஸ்!" என்றார்.

ன்-ஐத் தெளிவாகப் போட்டிருந்தார். ஹாலில் பாதி சிரித்தது; மீதிப் பாதி, யாராவது மொழிபெயர்த்ததும் சிரித்தது. தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

என் மாமனார் எழுந்து அவர் தோளைத் தட்டினார். "இலக்கணம் தப்பு வாத்தியாரே. இன்னும் களைக்கல. இனிமேதான் களைப்பாங்க. பதினோராம் பாடம்."

கோச் கோப்பையை மேஜைமேல் வைத்தார். கோட்டைக் கழற்றி ஆர்லீனிடம் கொடுத்தார். தமாலே மேஜைக்கும் எங்களுக்கும் நடுவில் குப்புறப் படுத்துப் பத்து தண்டால் எடுத்தார். ஐம்பதை நெருங்கும் அந்த மனிதருக்கு என் மனைவி, கல்யாண உடையோடு குனிந்து நின்று, ஸ்பானிஷில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினாள்.