இரசாயனவியலிலிருந்து புவியியலுக்கு

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதனைக்குப் படிப்பது யாழ்ப்பாணத்தில் ஓர் உத்தியோகம். லீவு இல்லை, சம்பளம் இல்லை, மேலதிகாரிகள் மட்டும் ஊர் முழுக்க இருப்பார்கள். நீங்களும் எழுதியிருந்தால் உங்கள் மேலதிகாரிகள் இப்போது நினைவுக்கு வருவார்கள். என்னுடையவர்களைச் சொல்கிறேன்.

பாடத் தெரிவு

எனக்கு விருப்பம் தமிழும் புவியியலும். வரைபடம் கீற உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துபோகும். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற என் அப்பா, "உன்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டார். பிறகு கனடாவிலிருந்து அவருடைய அக்கா, எங்கள் மாமி, வீடியோவில் வந்தார். விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளை மலையும் ஆறும் படிப்பதா என்று கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தார். பேசி முடிந்தபோது நான் உயிரியல் பிரிவில் இருந்தேன். போனை வைக்க முதல் மாமி சொன்னார்: "நான் ஒண்டும் கட்டாயப்படுத்தேல்லை, டொக்டரம்மா."

கடைசி வாங்கு

இரசாயனவியலுக்கு நெல்லியடியில் ஒரு பெரிய ரியூசன் வகுப்பு. குருநகரிலிருந்து வரும் என் சிநேகிதி ஜெனிற்றா பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். அவளுடைய அப்பா கடற்றொழில் செய்பவர். அவளுக்கோ சின்ன வயதிலிருந்தே வைத்தியராகத்தான் விருப்பம். எவ்வளவு முந்திப் போனாலும் எங்களுக்கு உட்காரக் கிடைப்பது கடைசி வாங்குதான். அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையில் சமன்பாடுகள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும்.

ஒருநாள் துணிந்து எழும்பி, பலகையிலிருந்த இரசாயனத் தாக்கம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டேன். குரல் எங்கிருந்து வருகிறதென்று படிப்பிக்கிற சேர் கொஞ்சநேரம் தேடினார். பிறகு மைக்கில் பதில் வந்தது: "பிள்ளை, உது போனமுறை வந்த கேள்வி. இந்தமுறை வராது. இரும்."

சோதனைக்கு ஒரு பூசை

சோதனை நெருங்கியபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சின்ன வைரவர் கோயிலில் மாணவர்களுக்கென்று விசேட பூசை தொடங்கினார்கள். காலையும் மாலையும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் ஒலிபெருக்கியில் போகும். அந்தக் குழாய் என் மேசையைப் பார்த்தபடி கட்டியிருந்தது. பௌதிகவியலில் ஒரு கணக்கைத் தொடங்கினால் நடுவில் யாராவது ஒரு பிள்ளையின் உத்தரட்டாதி வந்துவிடும்.

சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கோயில் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உண்மையான கவலையோடு சொன்னார்: "குறைக்கலாம் பிள்ளை. ஆனா உம்மடை பேர் வைரவருக்குக் கேக்காமல் போனால் நான் பொறுப்பில்லை."

முடிவு வந்த நாள்

எனக்கு உயிரியல் சீ, பௌதிகவியல் மட்டுமட்டாகச் சித்தியடைந்த எஸ், இரசாயனவியல் சித்தியில்லை. அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்து வீட்டார் விசாரிக்க வந்து, விசாரிக்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நான் அழாமல் இருந்தேன், ஜெனிற்றாவின் போன் வரும்வரைக்கும். என் முடிவைச் சொன்னதும் அவளும் கூட அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான், உனக்கு எப்படி என்று கேட்டேன். "என்ரையை இண்டைக்குக் கேளாதை. நாளைக்குச் சொல்லுறன்."

தோட்டத்தில்

குலை தள்ளிய வாழைகளுக்கு அப்பா முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்த் தடியைப் பிடித்தேன்.

"அப்பா, திருப்பி உயிரியல் எடுக்கேல்லை. ஆர்ட்ஸ் எடுக்கப்போறன்."

"ஆரைக் கேட்டனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

அவர் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு அடுத்த வாழைக்குப் போனார். கோபமாக்கும் என்று நினைத்து நான் தடியோடு அப்படியே நின்றேன். அவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "நல்லது. ஆனா மாமிக்கு நீயே சொல்லு."

மாமிக்குச் சொன்னது

நான் சொல்லவில்லை. தமிழ், புவியியல், இந்து நாகரிகம் மூன்றையும் பேசாமல் படித்து, எழுதி, மூன்றுக்கும் ஏ வந்து, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்த பிறகுதான் போன் எடுத்தேன். மறுபக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மாமி குரலைத் தாழ்த்தினார்: "நானும் ஆர்ட்ஸ்தான் பிள்ளை. இங்கை ஒருத்தருக்கும் தெரியாது."

ஆகமொத்தம், ஊருக்காக ஒருமுறையும் எனக்காக ஒருமுறையும் சோதனை எழுதியிருக்கிறேன். கூடுதலாகக் கஷ்டப்பட்டுப் படித்தது ஊருக்காகத்தான்.