பாம்புக் கூந்தலுக்கு மொட்டை

என் பக்கத்து நாற்காலியில் வேலை செய்த பெண் என்னைவிட நன்றாக வரைந்தாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருப்பதியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் இருவருக்கும் டிசைன் வேலை. நான் சித்தூரிலிருந்து பஸ், அவள் நகரியிலிருந்து பஸ். பிறந்தநாள் பேனரில் தலைவர் பக்கத்தில் சிங்கத்தை ஒட்டுவதுதான் பிழைப்பு. இருவருக்கும் மங்கா பைத்தியம். ஜப்பான்காரர்கள் வரையும் அந்தப் படக்கதைகளைப் போனில் படித்துப் படித்து நாங்களும் வரைந்தோம். சென்னையில் ஓர் இணையப் பத்திரிகை தமிழில் மங்கா தொடர் போடப்போவதாக அறிவித்தது. எடுக்கப்போவது ஒரே தொடர். இருவருமே அனுப்புவது என்று முடிவானது.

கிரேக்க, ரோமானியப் புராணங்களை நான் நாலு வருடமாகப் படித்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கிரேக்கர்களின் ஜீயஸ்தான் ரோமில் ஜூபிடர், யாருக்கு யார் பிள்ளை, யாரை யார் சபித்தார்கள், எல்லாம் மனப்பாடம். என் மங்காவின் உலகமே அதுதான்: பளிங்குத் தூண், கவசம், மின்னல். அவளோ டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். கூந்தலெல்லாம் பாம்பாகிப்போன பெண்ணின் கதையையும் நான்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தவன் கல்லாகிவிடுவான். கடைசியில் ஒரு வீரன் கேடயத்தில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி அவள் தலையை வெட்டுவான்.

"பாவம்ணா. அவகிட்ட ஒருத்தனும் பேசவே இல்லியா?"

"பேசப் போனா கல்லாயிடுவான். டீ ஆறுது, குடி."

மூன்று வாரம் கழித்துத் தன் பக்கங்களைக் காட்டினாள். பாம்புக் கூந்தல்காரி முக்காடு போட்டு ஒரு மலை ஏறுகிறாள். வேண்டுதல் தீர்க்க வந்த கூட்டத்தோடு வரிசையில் நிற்கிறாள். குழாயடியில் தலையை நனைக்கிறாள், பாம்புகள் அடங்குகின்றன. குனிந்து உட்காருகிறாள். டோக்கனோடு அவளுக்குக் கொடுத்த அரை பிளேடை வாங்கிக் கத்தியில் மாட்டுகிறார் முடி எடுப்பவர். காலையிலிருந்து எத்தனையோ தலை பார்த்தவர். உச்சந்தலையைத்தான் பார்க்கிறார், முகத்தைப் பார்ப்பதே இல்லை. அதனால் அவர் கல்லாகவில்லை. "ஆடாதம்மா" என்கிறார்.

திருமலையில் நான் மூன்று முறை மொட்டை போட்டிருக்கிறேன். அந்தக் கத்திக்குக் கீழே நானும்தானே குனிந்து உட்கார்ந்தேன்? எனக்கு ஏன் தோன்றவில்லை?

"இன்னாண்ணா, எப்டி கீது?"

"தப்பு. வீரன் வந்து தலைய வெட்டணும். புராணம் தெரிஞ்சவன் பாத்தா சிரிப்பான். மாத்திடு."

"அவுனா, அப்டியா?" என்று என் முகத்தையே பார்த்தாள். "சரிண்ணா."

அவள் மாற்றிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில் அந்த வாரம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். கேவலம்தான்.

அவள் தொடரைத்தான் எடுத்தார்கள். மொட்டை போடும் காட்சிக்காகவே எடுத்ததாக மெயிலில் எழுதியிருந்தார்கள். அவள் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை.

"சரின்னு சொன்னியே?"

"இத்தினி நாளா நான் இன்னா கிறுக்கினாலும் சூப்பர் சூப்பர்னு சொல்லிக்கினு இருந்த. அன்னிக்குத்தான் மொத தடவ தப்புன்ன. அப்பவே தெரிஞ்சிபோச்சு, நல்லா வந்துகீதுன்னு. இந்தா, ஸ்வீட் துன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் ஒவ்வொரு பக்கத்தையும் என்னிடம்தான் முதலில் காட்டுகிறாள். நான் சூப்பர் என்றால் கிழித்துப் போடுகிறாள். தப்பு என்றால் அப்படியே அனுப்பிவிடுகிறாள்.