தோட்டாவுக்கேற்ற குழல்

உம்மே ஹானியிடம் ரைஃபிளுக்குத் தோட்டா கேட்டால், அவர் முதலில் ரைஃபிளைக் கேட்பார். தேனாம்பேட்டையில் அண்ணா சாலைக்குப் பின்புறச் சந்தில் இருக்கிறது அந்தத் துப்பாக்கிக் கடை. கல்லூரி முடித்ததிலிருந்து அதன் கவுன்டர்தான் அவருக்கு உலகம். கோட்டூர்புரத்தில் என் எதிர்வீடு. நான் ஊர் சுற்றப் போவதற்கு முன்பு எங்கள் மாடிப்படியில் அவர் சிரிப்பு கேட்டபடி இருக்கும். திரும்பி வந்தபோது, பட்டப்பகலில்கூட யாரென்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தார். ஏனென்று மெல்ல மெல்லச் சொன்னார்.

ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல வரிகள் ஓடும். தோட்டாவைச் சுழல வைப்பவை அவைதான். ஹானி துடைப்புக் கம்பியின் முனையில் துணியை இறுகச் சுற்றிக் குழலுக்குள் தள்ளுவார். வரிகளில் சிக்கிக் கம்பி தானாகத் திரும்பும். ஒரு முழுச் சுற்று திரும்ப எவ்வளவு நீளம் உள்ளே போகிறதோ, அதுதான் அந்தக் குழலின் முறுக்கு. அதை அளக்காமல் அவர் தோட்டா தர மாட்டார். உரிமத்தில் துளையின் அளவும் துப்பாக்கியின் எண்ணும் உண்டு. முறுக்கு கிடையாது.

"முறுக்குன்னா எனக்கு ஆத்துல பிழியறதுதான் தெரியும்," என்பார் முதலாளி வெங்கடரமணன். மயிலாப்பூர்க்காரர். தாத்தா வாங்கிய கடை. "எங்க வம்சத்துல கத்திரிக்காயைத் தவிர எதையும் கொன்னதில்லைம்மா."

சென்ற ஆண்டு ஜவஹர் என்பவர் அட்டை இலக்கு ஒன்றைக் கொண்டுவந்து கவுன்டரில் விரித்தார். அடையாறில் வீடு, துப்பாக்கிச் சங்க உறுப்பினர். அட்டையில் வட்டமான ஓட்டையே இல்லை. எல்லாம் சாவித் துளைபோல நீண்டிருந்தன.

"இன்னா சார், தோட்டா படுத்துக்கினே போயிருக்கு," என்று ஹானி சிரித்தார்.

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். புது சரக்கு. எடை எரநூத்து இருபது கிரெயின்."

ஹானி அவருடைய ரைஃபிளை அளந்தார். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. "பம்பரம் வுட்டது இல்லையா? சாட்டைய மெதுவா இழுத்தா தள்ளாடுதுல்ல, அப்டித்தான். வெயிட்டு ஏற ஏற தோட்டா நீளமாவும். நீளமானா வேகமா சுத்தணும். உங்க குழல் அம்மாம் வேகமா சுத்தாது. நூத்தி அறுபத்தஞ்சு வாங்குங்க, நேராப் போகும்."

"அப்ப கனமானதுக்கு?"

"எட்டு அங்குலத்துல ஒரு சுத்து சுத்தற குழல் வேணும். அது ரொம்பத் தூரத்துக்கு, காத்துல தள்ளாம போறதுக்கு. உங்களுக்கு எதுக்கு? இங்க முந்நூறு மீட்டர் தாண்டி சுட எடம் ஏது?"

ஜவஹர் நூற்று அறுபத்தைந்து வாங்கிக்கொண்டு போனார்.

இந்த ஆண்டு ஆடி மாதம் மறுபடி வந்தார். கேட்டது இருநூற்று இருபது. உங்கள் குழலுக்கு அது ஆகாதென்று சொல்லி ஹானி நூற்று அறுபத்தைந்தை எடுக்கப் போன நேரத்தில் ஜவஹருக்கு ஒரு அழைப்பு. தம்பி பிரணவுடன் நிலத் தகராறு என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். ஜவஹர் உரக்கவே பேசினார்: "பெருங்குடியில ஒம்பதாவது மாடிக்குப் போயிட்டான். வாசல்ல செக்யூரிட்டி. கீழயே எறங்கறதில்ல. காலைல காபியோட பால்கனியில நிப்பான், அதோட சரி. எதிர்ல கட்டடமா? ஒண்ணும் இல்ல. சதுப்பும் குப்பை மேடுந்தான், அந்தக் கோடி வரைக்கும்."

ஹானி எடுத்த பெட்டியைத் திரும்ப வைத்தார். ரைஃபிளைக் கொண்டுவரச் சொன்னார். ஜவஹர் தயங்கவே இல்லை, மறுநாளே கொண்டுவந்தார். ஹானி கம்பியைத் தள்ளினார். எட்டு அங்குலம் போனதும் ஒரு சுற்று முடிந்துவிட்டது. கம்பியை வெளியே இழுத்துத் துணியை மாற்றி மறுபடி தள்ளினார். அதே எட்டு. போன ஆண்டு இதே ரைஃபிளில் பன்னிரண்டு.

குழலுக்கேற்ற தோட்டாவைத்தான் எல்லாரும் தேடுவார்கள். இவர் தோட்டாவுக்கேற்ற குழலைத் தேடிப் பிடித்திருக்கிறார். குழலின்மேல் பழைய எண்ணே பொறித்திருந்தது, கொஞ்சம் புதிதாக.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன் மேடம்," என்றார் ஜவஹர். குரலில் நன்றி இருந்தது.

"சரக்கு இல்ல சார்."

"பரவால்ல. ஊர்ல கடையா இல்ல?"

அவர் போனதும் ஹானி முதலாளியை இழுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்தவர்கள் ஜவஹரை ரைஃபிளோடு வரவழைத்தார்கள். எண் சரி, துளை சரி, உரிமம் சரி. தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். புகார் கொடுத்தது யாரென்று அவரிடம் சொல்லவில்லை.

"நம்மால ஆனதைப் பண்ணியாச்சு. விட்டுடு, ஹானி," என்றார் வெங்கடரமணன்.

ஹானி பெருங்குடிக்குப் பேருந்து ஏறினார். சதுப்பைப் பார்த்த அடுக்குமாடியை விசாரித்துக் கண்டுபிடித்து, வாசலில் கெஞ்சிக் கூத்தாடி, கடை அடையாள அட்டையைக் காட்டி மேலே போனார். பிரணவ் பால்கனியில்தான் இருந்தான். முப்பதைத் தாண்டாத முகம். பின்னால் சதுப்பு வெயிலில் பளபளத்தது. தூரத்தில் குப்பை மேட்டின்மேல் பருந்துகள்.

"மொதல்ல உள்ள வா, தம்பி. அங்க நிக்காத." மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார்.

அவன் சிரித்தான். "கையெழுத்துப் போட வைக்க அண்ணன் அனுப்பினாரா? போன மாசம் வக்கீல், இந்த மாசம் நீங்களா?"

"ஐயோ, அல்லா மேல ஆணையா இல்லப்பா!"

"அவரையே கேட்டுடலாமே." ஹானி தடுப்பதற்குள் எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டிவிட்டான். "அண்ணே, துப்பாக்கிக் கடை அக்காவ அனுப்பி மிரட்டறியா? உனக்கே சிரிப்பா இல்ல?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பிரணவ் கைபேசியைத் திருப்பிப் பார்த்தான்.

"ஹானி மேடமா?" ஜவஹரின் குரல் நிதானமாக வந்தது. "ஸ்டேஷனுக்குப் போனதும் நீங்கதானா? அப்பவே நெனச்சேன். வெயிலோட வெயிலா வீடு போய்ச் சேருங்க மேடம். தம்பி... நீ காபியக் குடி."

பிரணவின் சிரிப்பு நின்றது. அந்தக் குரலைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவன் அவன். ஹானியின் வார்த்தைகள் செய்யாததை அது செய்துவிட்டது. அவன் குனிந்தபடியே உள்ளே வந்து கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான். திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"நீங்க எப்படிக்கா வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டான்.