தோற்றவர் வீட்டுப் பாவு

பிள்ளையார்பாளையத்தில் இந்திராணி வீடு எது என்று கேட்டால், "சட்டம் பேசுமே, அந்த அம்மாவா?" என்பார்கள். கேலியா மரியாதையா என்பது, சொல்கிறவர் போன தேர்தலில் எந்தப் பக்கம் இருந்தார் என்பதைப் பொறுத்தது. வாலாஜாபாத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் தேவேந்திரனோடு ஒரே தறியில் உட்கார்ந்து, உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்தே தலை நரைத்தவள். கோர்வைக்கு ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் சேலை நகராது.

மூன்று தெரு நெசவாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சங்கம் பட்டு வாங்கிச் சாயமேற்றி, பாவாக்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்கும். பாவு என்பது சேலையின் நெடுக்கு இழைகள். அது வந்தால் தறி ஓடும், வராவிட்டால் அடுப்பே அணையும். யாருக்குப் பாவு முதலில் என்பதைத் தலைவர் முடிவு செய்வார். தலைவர் யார் என்பதை உறுப்பினர்கள் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வார்கள். இவ்வளவு சொன்ன பிறகு மீதியை நான் விளக்க வேண்டுமா என்ன?

அப்போது தலைவர் காசிநாதன். நம் பக்கத்து மேடைகளில் தேர்தல் பேச்சு வந்துவிட்டால் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்ட மண் இது என்று காசிநாதனும் மார்தட்டுவார். அந்தக் கை இறங்குவதற்குள், "என்னை வேணும்ன்றவங்க கையைத் தூக்குங்கபா" என்பார். கைகள் எழும்பும்.

ஒரு வருஷம் தேவேந்திரன் தூக்கவில்லை. வீரமெல்லாம் ஒன்றுமில்லை. எதிர்த்து நின்ற மாணிக்கவேலுக்கு வாக்குக் கொடுத்திருந்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் பாவு வரவில்லை. போய்க் கேட்டால், "சாயம் சரியா புடிக்கலமா, அடுத்த வாரம் பாரு" என்பார் காசிநாதன். அந்த அடுத்த வாரம் மழைக்காலம் முழுக்க வரவேயில்லை. தேவேந்திரன் வாலாஜாபாத் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனான். பழைய பாவின் நுனியை, இழைகள் நுழைந்து வரும் தறியின் அச்சிலிருந்து அறுக்காமல் விட்டிருந்தாள் இந்திராணி. புதுப்பாவு வரும்போது அதில்தான் இழை இழையாகப் பிணைக்க வேண்டும். தூசி படாமல் ஒரு பழைய சேலையைத் தறிமேல் போர்த்தி வைத்தாள்.

எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. விடிகாலையில் யார் வீட்டுப் பாவையாவது தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டால், பார்த்தவர் எவரும் ஒரு கை பிடிக்காமல் போகக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியானாலும் வந்து பிடிப்பான். அந்தப் பருவம் முழுக்க, மழை விட்ட காலைகளில், இந்திராணி அடுத்தவர் பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்முனையில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் இழையையே பார்த்தார்கள். காசிநாதன்மேல் தனக்குக் கோபமே இல்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறாள். அது பொய். கோபம் இருந்தது, நெஞ்சு எரிய இருந்தது.

அந்த எரிச்சலில்தான் சங்கத்தின் சட்டதிட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எழுந்தாள். சின்னச் சங்கம் என்றாலும் அதற்கு அதுதான் அரசியல் சட்டம். அவள் கேட்டது மூன்றே மாற்றம். தலைவரைச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டு ரகசியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாவு வீட்டு வரிசைப்படிதான் போக வேண்டும், பாவு அறைச் சாவி தேர்தலில் நிற்காத ஒருவரிடம் இருக்க வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் வீட்டில் வைத்துத் தலையாட்டினார்கள். ஆனால் சட்டத்தைத் திருத்தவும் கைதான் தூக்க வேண்டும், அதுவும் காசிநாதன் கண்முன்னால். "அதெல்லாம் நமக்கு எதுக்குமா, கட்டுப்பாடா இருந்துக்கினு போவோம்" என்று, காசிநாதனுக்கு எப்போதும் முதலில் கை தூக்கும் உமாபதி எழுந்து சத்தம் போட்டான். அவள் பக்கம் எழுந்த கைகள் சொற்பம். தலையாட்டியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் ஒரு சாயம் மோசம் போய், நெய்த சேலைகளை வியாபாரிகள் திருப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் தலைவர் தேர்தலில் எல்லாரும் இந்திராணிக்குக் கை தூக்கினார்கள். பாவு அறைச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. முதல் கூட்டத்திலேயே பழைய திருத்தத்தை மறுபடி வைத்தாள். கேட்டு முடிப்பதற்குள் கூட்டம் மொத்தமும் கை தூக்கியது. எல்லாருக்கும் முன்னால் தூக்கியவன் உமாபதி.

அவளுக்குப் பூரித்திருக்க வேண்டும். ஒரு கணம் பூரிக்கவும் செய்தது. உமாபதியின் பார்வை தன் முகத்தில் இல்லை, இடுப்புச் சாவியில் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் கண்டாள்.

"கையை எறக்குங்க," என்றாள். "எனக்குப் பயந்துகினு தூக்குற கை எனக்கு வேணாம்."

"கைதான் தூக்கணும்னு சட்டத்துல இருக்குது, இந்திராணி," என்றான் முன்வரிசையில் இருந்த தேவேந்திரன்.

"தூக்கட்டும். ஆனா நான் பாக்க மாட்டேன். யாரும் யாரையும் பாக்க வேணாம்."

பிள்ளையார் கோயில் ஓதுவார் தினகரனை அழைத்து வந்தார்கள். அவருக்குத் தறியும் கிடையாது, பாவும் தேவையில்லை. இந்திராணி சாவியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். உள்ளே அத்தனை பேரும் சுவரைப் பார்க்கத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஓதுவார் மட்டும் நடுவில் நின்று எண்ணினார். தெருவில் போனவர்கள் இதென்ன கூத்து என்று சிரித்தார்கள். இந்திராணி சிரிக்கவில்லை.

திருத்தம் தேறியது. ஆனால் எழுந்த கைகள் முன்னதைவிட எவ்வளவோ குறைவு, தேறுவதற்கு மட்டும் போதுமானவை.

வீட்டுக்கு வரும் வழியில் தேவேந்திரன் சொன்னான். "நான் தூக்கல."

அவள் நின்றாள். "ஏன்?"

"இப்பதான் நம்ம தறி நிக்காம ஓடிக்கினு இருக்குது. சீட்டுல எழுதச் சொன்னா உன்னத் தோக்கடிச்சிருவாங்க. அப்புறம் திரும்பவும் மூட்டை தூக்கணுமா?"

அவளுக்கு வலித்தது. கட்டிய புருஷன், கோர்வைக்குக் கூடவே உட்காருகிறவன். ஆனாலும் கண்ணை மூடிய இடத்தில் அவன் மனசில் இருந்ததைத்தான் செய்திருக்கிறான். அதற்காகத்தானே இத்தனை பாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அவன் சொன்னதுதான் நடந்தது. அடுத்த தேர்தலில் சீட்டுகளை எண்ணியபோது காசிநாதன் ஜெயித்திருந்தார். தன் சட்டத்தாலேயே தோற்றவள் என்று தெரு சிரித்தது. தறியில் பாவு முடியப்போகும் நேரம். இந்திராணி அன்று தறிமேல் போர்த்தியிருந்த பழைய சேலையைத் துவைத்து மடித்து, தறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தேவேந்திரன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சில வாரம் கழித்து வரிசை அவர்கள் வீட்டுக்கு வந்தது. வரிசை வந்த அன்றே, சாவியை வைத்திருந்த ஓதுவார் அறையைத் திறந்து பாவை எடுத்துக் கொடுத்தார். அரக்குச் சிவப்பில் நல்ல பாவு.

மறுநாள் விடிகாலையில் அதைத் தெருவில் நீட்டினார்கள். இந்திராணி ஒரு முனையில் நின்றாள். எதிர்முனையைப் பிடிக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர் காசிநாதன். அவர் இழையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார்.

"தொய்யுதுமா. இழுத்துப் புடி."

அவளுக்குக் கண் நிறைந்து எதிரில் இருந்தது எதுவும் தெரியவில்லை. துடைக்கக் கை ஒழியவில்லை. இழுத்துப் பிடித்தாள்.